நீங்கள் பூட்டிவிட்டுப் போன போன்

என் வாய்க்கும் சேர்த்து ஊரெல்லாம் பேசிய என் அப்பாவுக்கு,

போன் திறந்துவிட்டது அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை எல்லாம் மெதுவாகச் சொல்கிறேன்.

பெரிய ஆட்கள் இறந்தால்தான் இப்படி நாலு பேர் படிக்கிற மாதிரி கடிதம் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஏன், உங்களுக்கு எழுதக் கூடாதா? உங்களைத் தெரியாதவர்களும் படிக்கட்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் உங்களைப் பற்றி உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பனந்தாள் பக்கத்தில் 'மிஷின் தங்கராசு' என்றால் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் உங்களிடம் சொந்தமாக ஒரு மிஷினும் இருந்ததில்லை. தை பிறந்தால் ஆத்தூர்ப் பக்கமிருந்து நெல் அறுக்கிற வண்டிகள் லாரியில் ஏறி வரும். எந்த வண்டி எந்த வயல்வெளிக்குப் போக வேண்டும், எந்த வயலில் முதலில் இறங்க வேண்டும் என்று சொல்கிற ஏஜெண்ட் நீங்கள்.

கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். நம் வடக்குவெளியில் பாதி வயலுக்குப் பாதை கிடையாது. ரோட்டோரத்து முன்வயலை அறுத்தால்தான் அதன் மேல் ஏறி வண்டி உள்வயலுக்குப் போக முடியும். முன்வயல்காரருக்குக் கதிர் முற்றவில்லை என்றால் உள்வயல்காரர் பழுத்த நெல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வரிசையை யாருக்கும் மனம் நோகாமல் போடுவதுதான் உங்கள் வேலை. வரிசை தப்பினால் முதலில் சண்டை வரும், அப்புறம் மழை வரும் என்பீர்கள்.

நான் உங்கள் கூட வந்தது பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு. பதினொன்றாம் வகுப்புக்கு டவுன் பள்ளியில் சேர்த்தீர்கள். பஸ்ஸில் ஏறவும் பயம், வகுப்பில் எழுந்து நின்றால் பேரைச் சொல்லவும் பயம். நின்றுவிட்டேன். அம்மா அழுதாள். நீங்கள் திட்டுவீர்கள் என்று பார்த்தால், "சரி, எனக்கு எழுத்து வேலைக்கு ஆள் இல்ல. நீ வா" என்று மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டீர்கள்.

நீங்கள் வயலில் இறங்கி, கதிரை உருவிக் கசக்கி, ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பீர்கள். நான் வரப்பில் நின்று லொகேஷன் எடுப்பேன். யார் வயல், என்ன ரகம், நட்டது எப்போது, வண்டி எந்தப் பக்கமாக இறங்கும், எங்கே சேறு ஆழம், எல்லாவற்றையும் என் போனில் போட்டு வைப்பேன். பேசுவதெல்லாம் நீங்கள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது அப்பா.

ஆனால் மாமா சும்மா இருக்கவில்லையே. பொங்கலுக்கு வந்தவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "படிப்பையும் விட்டாச்சு, கையில போன் வேறயா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "பூட்டுப் போட்டுடறேன் மாப்ள, சாவி எங்கிட்ட இருக்கும்" என்றீர்கள். மறுநாளே மொபைல் கடையில் கொடுத்து என் போனை உங்கள் போனோடு சேர்த்துவிட்டீர்கள். அன்றிலிருந்து என் போன் உங்கள் சொல்லைத்தான் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்கள் போனில் ஒரு பூட்டுப் படத்தை அழுத்துவீர்கள். என் கையிலிருக்கும் போன் இருண்டு, 'உங்கள் பெற்றோர் இதைப் பூட்டியிருக்கிறார்' என்று வரும். "கடை சாத்தியாச்சு, சாப்பிட வா" என்பீர்கள். காலையில் டீ குடித்துவிட்டுத் திறந்து விடுவீர்கள். எனக்குக் கோபமாக வரும். சண்டை போட வாய் வராது, தட்டை மட்டும் நங்கென்று வைப்பேன். "பாரு, தட்டு பேசுது" என்று அம்மாவிடம் சொல்வீர்கள்.

கார்த்திகையில் அன்றைக்கும் அப்படித்தான் பூட்டினீர்கள். விடிந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆட்டோ வந்ததும் உங்கள் ரெக்சின் பையின் உள்ஜிப்பில் உங்கள் போனை வைத்து மூடினேன். ஆஸ்பத்திரியில் தேடுவீர்களே என்று. கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பையை ஆணியில் மாட்டினதோடு சரி, துக்கத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை. பூட்டினது நீங்கள். திறக்க நீங்கள் இல்லை. அன்று டீ கூடக் குடிக்கவில்லையே அப்பா?

பதினாறாம் நாள் காரியத்தை மண்ணியாற்றங்கரையில் செய்தோம். போனவரின் பாய், தலையணை, கட்டின துணி எல்லாவற்றையும் ஆற்றோடு விடுவது நம் வழக்கம். சித்தப்பாதான் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கிப் போனார். தலை முழுகி ஈரத்தோடு வீட்டுக்கு வந்ததும் ஆணியைப் பார்த்தேன். பை மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது.

"சித்தப்பா, அப்பா பை எங்க?"

"அதையும் சேத்து விட்டுட்டேன்மா. அண்ணன் கையிலயே இருந்த பை. அது மட்டும் எதுக்கு அநாதையா தொங்கணும்னு."

"அதுலதான் போன் இருக்கு."

சித்தப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்களோடு திரும்ப ஓடினார். கழுத்தளவுத் தண்ணீரில் சாயங்காலம் வரை தேடினார்கள். ஒரு பாய் கிடைத்தது. அதுவும் உங்களுடையது இல்லை, வேறு யாரோ புண்ணியவானுடையது. அந்தத் துக்கத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மனுசன் அங்க போயும் வண்டி வருதான்னு கேக்கணும்ல, அதான் போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த போனோடு என்னவெல்லாம் போனது என்று அப்போது எங்களுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிய வைத்தது பாக்கியம் அத்தை. வடக்குவெளி உள்வயல்காரி. புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் செய்கிறவள். மார்கழிப் பாதியில் வாசலில் வந்து நின்றாள்.

"உன் அப்பன் நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாக்குறோம். அணைச்சு வச்சிருக்குன்னே சொல்லுது. பக்கத்தூரு ஏஜெண்டு வந்து பேசிட்டுப் போறான். ரோட்டோரம் மட்டும்தான் அறுத்துத் தருவானாம், உள்ளே வண்டி விட்டா நேரம் வீணாப் போவுதாம். எங்க கதி என்னடி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன். வடக்குவெளி முழுக்க அதற்குள்தான் இருந்தது. எல்லாருடைய நம்பரும், எல்லா வயலின் வழியும். என் சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் போட்டுப் பார்த்தோம். ஒரு பெயரும் வரவில்லை, எல்லாம் போனிலேயே பதிந்திருந்தது. என் போனோ உங்களிடம் அனுமதி கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. உங்களை எங்கே போய்க் கேட்பது?

மொபைல் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் நல்லவர்தான். உங்கள் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று என் பிறந்த நாள், அம்மா பிறந்த நாள், மொபெட் நம்பர் என்று போட்டுப் பார்த்தார். எதுவும் இல்லை. பிறகு அதுவே இனிமேல் முயற்சி செய்யாதே என்று சொல்லிவிட்டது.

"ரீசெட் அடிச்சுத் தரவாக்கா? பத்து நிமிஷ வேலை. புது போன் மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கிறதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள்.

"அது போயிடும். போட்டோதானேக்கா, மறுபடி எடுத்துக்கலாம்."

"போட்டோ இல்ல தம்பி. உள்ள வயலு இருக்கு" என்று அம்மா போனை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேறு வழி ஏதாவது உண்டா என்று நான் கேட்க வேண்டும். கேட்காமலே அம்மா பின்னால் நடந்தேன். கடையை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டின பிறகு, அம்மாவை நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன் அப்பா. "அண்ணா, அப்பா நம்பர் திரும்பக் கிடைச்சா திறக்கலாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்பர் கிடைச்சா, பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு குடுத்து அந்த நம்பருக்கு ஓடிபி வாங்கலாம். அதை வச்சு அப்பா கணக்குக்குள்ள போயிடலாம்மா. ஆனா சீக்கிரம். ரீசார்ஜ் இல்லாமக் கிடந்தா நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

உங்கள் நம்பரில் வேறு யாரோ ஒருவர் ஹலோ சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அன்று இரவே சித்தப்பாவிடம் சொன்னோம்.

நம்பரை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு சித்தப்பா அலைந்தார். ஆற்றில் விட்டது தான் என்ற உறுத்தல் அவருக்கு. தாலுகா ஆபீசுக்கு அவர் போய் வந்த வேகத்தைப் பார்த்து, "இந்த வேகத்துல ஆத்துல தேடியிருந்தா போன் கிடைச்சிருக்கும்" என்று அம்மா கிண்டல் செய்வாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்புவார்.

கும்பகோணத்தில் அந்த போன் கம்பெனி ஆபீசில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக் கதவு, குளிர். அம்மா காலை நாற்காலிக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். சான்றிதழ்களை எல்லாம் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்த அக்கா சின்ன மிஷினை நீட்டினார். "விரலை வைங்கம்மா. உங்க பேருக்கு நம்பரை மாத்தணும்."

அம்மா கட்டை விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை, எதற்கும் சிவப்புதான். நடவு நட்டும் களை பறித்தும் அந்த விரல்களில் ரேகை ஏது? நாற்று முடியைப் பிரித்துப் பிரித்தே தேய்ந்துபோயிருக்கிறது.

"ரேகை விழலையேம்மா. ஒரு மாசம் தண்ணியில கை வைக்காம எண்ணெய் தடவிட்டு வாங்க."

"ஒரு மாசமா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்தால் எழுந்து போய்விடுவாள் போலிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். நீங்கள் இருந்தால் இந்நேரம் கவுண்டர் மேல் கையை ஊன்றிப் பேச ஆரம்பித்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் இல்லாததால்தானே நாங்கள் அங்கே நின்றோம்.

"அக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "அக்கா, இவங்க நடவு வேலை செய்யுறாங்க. ஒரு மாசம் தண்ணியில கை வைக்காம இருக்க முடியாது. கையில ரேகை இல்லாதவங்க எவ்வளவோ பேரு இருப்பாங்கல்ல. அவங்களுக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அந்த அக்காவுக்குக் கோபம் இல்லை. "முகத்தைப் போட்டோ எடுத்தும் பண்ணலாம். மேனேஜர்கிட்ட சொல்லணும். இரு" என்று எழுந்து போனார். அம்மா மெதுவாக என் முழங்கையைத் தொட்டாள். "நீயாடி பேசின?" என்றாள்.  நான் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அம்மாவைப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்காதீங்க என்றார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு எங்கே வந்தது, பயத்தில் பல் தெரிந்தது.

பொங்கல் கழித்து உங்கள் சிம் உயிர் பெற்றது. அதை அம்மாவின் பட்டன் போனில் போட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனோம். அவர் பெரிய போனில் உங்கள் கணக்கைத் திறக்க வேண்டும். உங்கள் பெயரை நான் அடித்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மறந்தது நீங்கள் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

பட்டன் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நான் போட்டேன். உள்ளே உங்கள் இடம் திறந்தது. நடுவில் என் போனின் படம், அதன் மேல் ஒரு பூட்டு. நீங்கள் தினமும் பார்த்த பக்கம் இதுதான் போல. நான் அதைப் பார்த்ததே இல்லை. என் பக்கம் எப்போதும் இருட்டுத்தானே வரும்.

"அழுத்தும்மா" என்றேன்.

"நானா?"

"பெத்தவங்கதான் திறக்கணும்."

அம்மா விரலைப் புடவையில் துடைத்தாள். அழுத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. அந்த விரலைத் தொடுதிரைக்கும் தெரியவில்லை. சித்தப்பா கையை நீட்டினார். அம்மா விடவில்லை. "இரு, என் புள்ளை போனு" என்று விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி இன்னொரு தடவை அழுத்தினாள்.

என் மடியில் போன் விழித்துக்கொண்டது. எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது. வடக்குவெளி, கீழவெளி, ஒவ்வொரு வயலும், ஒவ்வொரு பெயரும். ஒன்றுகூடக் குறையவில்லை. சித்தப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அம்மா கேட்ட அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப, இனிமே சாயங்காலம் நான் பூட்டலாமா?"

பூட்டலாம் அப்பா. இப்போது சாவி அம்மாவிடம். அதற்கென்றே சித்தப்பா தன் பழைய பெரிய போனை அவளுக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் கணக்குக்குப் பதில் அம்மா பெயரிலேயே சேர்த்துவிட்டோம். மாமா வந்தபோது, "பூட்டைக் கழட்டியாச்சாமே?" என்று கேட்டார். "கழட்டல. பூட்டு நம்மகிட்டதான் இருக்கு. சீசன் முடியுற வரைக்கும் திறந்திருக்கும், அதுக்கப்புறம் என் மனசு எப்படியோ அப்படி" என்று அம்மா சொன்னாள். மாமா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போன் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். உங்கள் நம்பரும் உயிரோடு வந்துவிட்டது என்பதை மறந்துபோனேன். மறுநாள் காலையில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. ஆத்தூர் வண்டிக்கார குமரேசன் அண்ணன்.

அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். "நீயே எடு, எனக்கு என்ன தெரியும்" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். எடுத்தேன்.

"அண்ணா, என்னாச்சுங்ண்ணா, ஆளையே காணோம்? உங்க பக்கத்தூரு ஏஜெண்டு ஒருத்தன் நீங்க தவறிட்டீங்கன்னு சொல்லி, வண்டியை அவன் பக்கம் விடச் சொல்லுறான். என்ன பேச்சு பேசுறான் பாருங்க."

 அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. அவருக்கு நான் சொல்ல வேண்டும்.

"அப்பா இல்லங்க. கார்த்திகையில தவறிட்டாங்க. நான் அவங்க பொண்ணு பேசுறேன்."

 அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பின்னால உக்காந்து வருமே, பேசாத புள்ள, அதுவா?"

"ஆமாங்க."

"அப்ப வண்டியை நான் வேற பக்கம் விட்டுடவா பாப்பா? தப்பா நினைக்காதே. உள்ளூர்ல ஆள் இல்லாம நான் எந்த வயல்ல எறங்குறது?"

அந்த இடத்தில் போனை வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பாக்கியம் அத்தையின் முகம் வந்தது. "ஆள் இருக்குங்க" என்றேன். "பெல்ட் வண்டிதான் வேணும், டயர் வண்டி வேண்டாம். வடக்குவெளியில கீழண்டை சேறு இன்னும் காயல. ரோட்டோரம் மதகை ஒட்டி எறங்கினா முதல்ல மூணு முன்வயலு, அதை முடிச்சா உள்ள ஏழு வயலு ஒரே மூச்சா அறுக்கலாம். ஒரு இடத்துலயும் வண்டி சும்மா நிக்காது. லொகேஷன் அனுப்புறேன், பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

வைத்த பிறகு பார்த்தால் என் தாவணி வியர்வையில் நனைந்திருந்தது. தை மாதப் பனியில். குமரேசன் அண்ணன் எல்லா லொகேஷனையும் பார்த்துவிட்டு, "வர்றேன்" என்று ஒரே வார்த்தை அனுப்பினார்.

வந்தார். ஆனால் ஒரே மூச்சில் நடக்கவில்லை அப்பா. முன்வயலில் இரண்டை அறுத்தாயிற்று. மூன்றாவது கோபால் பெரியப்பாவுடையது, நீண்ட நாள் ரகம், என் கணக்குத் தப்பி இன்னும் பச்சை மாறவில்லை. அதற்குப் பின்னால்தான் பாக்கியம் அத்தை வயல். அத்தையின் நெல் முற்றி, பாதி சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வானம் கிழக்கே கறுத்திருந்தது. மழை வருமென்று எல்லார் போனிலும் செய்தி. வண்டி ரோட்டில் நின்றது. குமரேசன் அண்ணனின் டிரைவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். அது போகப் போகிறேன் என்று அர்த்தம்.

பெரியப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன்.

"யாரு, தங்கராசு மவளா? என்னத்துக்கு வந்த?"

"உங்க வயல்ல கிழக்கு வரப்போரமா, வண்டி போற அகலத்துக்கு மட்டும் கையால அறுத்து வழி விடணும் பெரியப்பா."

"பச்சைக் கதிரையா? போடி போக்கத்தவளே. உங்கப்பனே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"அப்பா கேட்டிருக்க மாட்டாங்க பெரியப்பா. அவங்களுக்கு உங்ககிட்ட பயம். அதான் நான் கேக்குறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்தார். "அவனுக்கா? எங்கிட்டயா பயம்? நல்லா சொன்ன போ. சரி, என் கதிருக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அந்த இடத்துல விளையுற நெல்லு எவ்வளவோ, அதைப் பாக்கியம் அத்தை அவங்க நெல்லுலேருந்து அளந்துடுவாங்க. பேசிட்டுத்தான் வந்தேன். அறுக்குற ஆளு அம்மா கூட்டிட்டு வர்றாங்க. அறுத்த பச்சைத் தாளு உங்க மாட்டுக்கு."

"எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் கேக்க வந்தியா?" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டினார். "உங்கப்பனாவது டீ வாங்கிக் குடுத்துட்டுக் கேப்பான்." இடத்தைக் கையால் காட்டிவிட்டு, "வரப்பு உடையக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவும் நடவு ஆட்களும் அரிவாளோடு இறங்கினார்கள். அவர்களே நட்ட வயல், கை தானாகப் போனது. நானும் இறங்கினேன். சித்தப்பா கட்டுத் தூக்கினார். வழி திறந்ததும் வண்டி சேற்றில் அசைந்து அசைந்து உள்ளே போனது. சாய்ந்த நெல்லை எப்படி எடுக்க வேண்டும் என்று நான் வரப்பில் நின்று கையால் காட்டினேன். காட்டினது போதாமல் கத்தினேன். "எதிர்ப்பக்கமா வாங்கண்ணா, சாஞ்ச பக்கமா போகாதீங்க!" ஊரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

முதல் தூறல் விழுந்தபோது பாக்கியம் அத்தை வயலில் தாள்தான் நின்றது. நெல் டிராக்டரில் தார்ப்பாய்க்குக் கீழே. அத்தை வாய் நிறைய வெற்றிலையோடு என் தலையில் கை வைத்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போனாள்.

இந்தத் தடவை வடக்குவெளியில் ஒரு உள்வயலும் நிற்கவில்லை அப்பா. நீங்கள் இருந்த வருஷங்களில்கூட ஒன்றிரண்டு நின்றதுண்டு. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் இருந்தால் இதை முதலில் டீக்கடையில் போய்ச் சொல்பவர் நீங்கள்தான். அதனால் சொல்கிறேன்.

சீசன் முடிந்து வண்டியை லாரியில் ஏற்றின அன்று குமரேசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இந்த நம்பரை தங்கராசு அண்ணன்னு போட்டு வச்சிருக்கேன். நீ கூப்பிடுறப்பல்லாம் அண்ணன் பேரு வருது. எடுக்குறதுக்கு முன்னாடி மனசு ஒரு மாதிரி ஆயிடுது. வேற பேரு போட்டுக்கவா பாப்பா? என்னன்னு போடட்டும்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் பெயரை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வருமா என்று பார்த்தாள். எனக்கும் ஒரு நிமிஷம் வரவில்லை. ஆனால் வண்டி வேண்டுமென்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

"மிஷின் அபிராமின்னு போடுங்கண்ணா" என்றேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். சரியா என்று என்னிடம் காட்டினார். சரி என்றேன். பிறகு என் கண் முன்னாலேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். உங்கள் நம்பர் என் கையில் அடித்தது. அவர் போனில் என் பெயர் வந்தது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வருவதற்குள், வடக்குவெளியில் எல்லோரையும் ஒரே வயசு ரகம் விதைக்கச் சொல்லப் போகிறேன். முன்வயலும் உள்வயலும் ஒன்றாக முற்றினால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, நானே வாய் திறந்து கேட்கிறேன். கோபால் பெரியப்பா வீட்டுக்குத்தான் முதலில் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு அப்பா.

இப்படிக்கு,
மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்த உங்கள் ஒரே மகள்,
அபிராமி தங்கராசு